ஆய்வை நிறுத்தச் சொல்லாதீர்கள், அம்மா

கரூரிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். மகள் சென்னையில் வேதியியல் பிஎச்.டி., மூன்றாம் ஆண்டு. மாப்பிள்ளைக்குக் கோவையில் வேலை. மகளுக்கு இப்போது ஐந்தாம் மாதம். "ஆராய்ச்சியெல்லாம் போதும், பி.எட். முடிச்சிட்டு டீச்சரா போனா குழந்தையையும் பாத்துக்கலாம்னு சம்பந்தி வீட்டுல சொல்றாங்க" என்றவர் அழுதுவிட்டார்.

அம்மா, உங்கள் பயம் புரிகிறது. ஆனால் அவர்கள் போடும் கணக்கு தப்பு. பி.எட். இரண்டு வருடம். தினமும் வகுப்பு, அப்புறம் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி. கைக்குழந்தையோடு அதற்கு ஓட முடியுமென்றால் ஆய்வுக்கும் முடியும். உங்கள் மகளிடம் போனில் பேசினேன். லேபை விட மனசில்லை என்கிறார். அவர் கேட்காத படிப்புக்கு நீங்கள் ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்கக் கூடாது.

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 பிஎச்.டி. விதிமுறைகளை வீட்டில் யாரும் படித்திருக்க மாட்டார்கள். பெண் ஆய்வாளர்களுக்கு ஆய்வுக் காலம் முழுவதற்கும் சேர்த்து 240 நாள் வரை மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பு தரலாம். ஆய்வை முடிக்க ஆறு வருடம்; மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு; பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு. ஆக, பத்து வருடம் வரை இடமிருக்கிறது.

உங்களுக்கு இதைவிட உதவுவது இன்னொரு விதி. திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ ஊர் மாறும் பெண் ஆய்வாளர், தன் ஆய்வுத் தரவுகளைப் புதிய நிறுவனத்துக்கு எடுத்துப் போகலாம். பழைய கைடுக்கும் நிறுவனத்துக்கும் உரிய அங்கீகாரம் தர வேண்டும். அந்த ஆய்வு, கைடோ நிறுவனமோ நிதி வாங்கி நடத்தும் ப்ராஜெக்டைச் சேர்ந்ததாக இருக்கக் கூடாது. மகளிடம் முதலில் இதைக் கேளுங்கள். ப்ராஜெக்டில் வராது என்றால், கோவையில் பாரதியார் பல்கலைக்கழகம், அவினாசிலிங்கம் இரண்டிலும் அதே துறையில் இடம் காலியுள்ள கைடு இருக்கிறாரா என்று இந்த மாதமே விசாரிக்கட்டும்.

விடுப்பை வாய்வார்த்தையாகக் கேட்க வேண்டாம். எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வைக்கட்டும். பிரசவம் வரை கரைப்பான்களோடு நிற்கும் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு, கையில் உள்ள ரீடிங்குகளை வைத்துக் கட்டுரை எழுதலாம் என்று கைடிடம் இப்போதே பேச வேண்டும்.

வயசாகிவிடும் என்றும் சொன்னார்களாம். கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தேர்வில் உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது உச்சவரம்பே கிடையாது.

அடுத்த வாரம் மகளோடு மாப்பிள்ளையையும் கூட்டி வாருங்கள். குழந்தை பிறந்தபின் அவர் எத்தனை நாள் லீவு போடுவார் என்று அவரிடமே கேட்க வேண்டும்.