ஆணுக்கு ஏன் இரத்தம் குறைகிறது?

கேள்வி: வயது 38. இரண்டு வருடமாகச் சாப்பிட்டதும் வயிறு ஊதுகிறது. சில காலைகளில் மூன்று முறை கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. இணையத்தில் தேடியதில் இது கோதுமை சிறுகுடலைக் கெடுக்கும் சீலியாக் நோய் என்றும், குடல் புற்றுநோயாக மாறும் என்றும் தெரிகிறது. இரண்டு மாதமாகப் பாண், ரொட்டி, கொத்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன், கொஞ்சம் சுகம். வயிற்றில் குடுகுடு சத்தம், நாக்கில் வெள்ளை எல்லாம் இதனால்தானா? அலுவலகப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.4. பாமசியில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிப் போடுகிறேன். – வெள்ளவத்தை வாசகர்

பதில்: குடுகுடு சத்தத்தை விடுங்கள், நாக்கையும் விடுங்கள். சத்தம் போடாத குடல்தான் எங்களைப் பயப்பட வைக்கும்.

உங்களை உறங்கவிடாதது புற்றுநோய்ப் பயம். சீலியாக் உள்ளவர்களுக்குச் சிறுகுடலில் ஒருவகைப் புற்றுநோய் வரலாம் என்பது உண்மை. அது மிக அரிது என்பதும் உண்மை. இணையம் முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடும். இந்தியாவில் நடந்து 2016 இல் வெளியான ஆய்வொன்றில், சீலியாக்குக்கான எதிர்ப்பொருள் வட இந்தியாவில் நூறில் ஒருவருக்குச் சற்று அதிகமாகவும், தென்னிந்தியாவில் ஆயிரத்தில் ஒருவருக்கும் இருந்தது. சீலியாக்குக்கு இடம்கொடுக்கும் மரபணு இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். கோதுமைச் சாப்பாடுதான் வேறு.

பாணை நிறுத்தியதும் சுகம் கண்டதால் சீலியாக் என்று முடிவு கட்டவேண்டாம். கோதுமையில் சீலியாக்கைத் தூண்டும் குளூட்டன் என்ற புரதம் மட்டுமல்ல, ஃபிரக்டான் என்ற மாச்சத்தும் உண்டு. குளூட்டன் ஒத்துக்கொள்வதில்லை என்று நம்பிய, சீலியாக் இல்லாத 59 பேருக்கு எதைத் தின்கிறார்கள் என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்த நோர்வே ஆய்வில் (2018), வயிற்றை அதிகம் ஊதவைத்தது ஃபிரக்டான்தான். வெங்காயத்திலும் உள்ளியிலும் அது தாராளமாக இருக்கிறது. பாணை விலக்கிவிட்டு, பருப்புக்கு வெங்காயமும் உள்ளியும் தாளித்துச் சாப்பிட்டுக்கொண்டு, ‘இன்னும் முழுதாகச் சுகமில்லையே’ என்று வருபவர்கள் நிறையப் பேர். ஊதலும் காலை ஓட்டமும் மட்டும் இருந்திருந்தால் ஐ.பி.எஸ். (குடலில் புண்ணோ கட்டியோ இல்லாமல் வரும் வயிற்றுத் தொல்லை) என்று சொல்லி, உணவைக் கொஞ்சம் மாற்றி உங்களை அனுப்பியிருப்பேன்.

ஆனால் கடைசி வரியில் போகிறபோக்கில் 10.4 என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் அதுதான் விஷயம்.

ஆணுக்கு 13க்குக் கீழே போனாலே இரத்தசோகை. உங்களுக்கு மாதவிடாய் இல்லை, பிள்ளைப்பேறு இல்லை. பிறகு இரத்தம் எங்கே போகிறது? ஐ.பி.எஸ். இரத்தத்தைக் குறைக்காது. முதலில் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை. அது குறையாமல் இருந்தால் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் மரபணுவைச் சுமப்பவராக நீங்கள் இருக்கலாம். அப்படியானால் இந்த மாத்திரையே வீண். குறைந்திருந்தால் இரண்டு வழி: குடலில் எங்கோ கண்ணுக்குத் தெரியாமல் இரத்தம் கசிகிறது, அல்லது உண்ணும் இரும்பு உடலில் சேரவில்லை. இரும்பை உறிஞ்சுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதி. சீலியாக் தாக்குவதும் அதே இடத்தைத்தான். அதனால் வாய் வழியாகவும் ஆசனவாய் வழியாகவும் கமராக் குழாய் விட்டுப் பார்க்கவேண்டும், சிறுகுடலில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்கவும் வேண்டும். 38 வயதில் புற்றுநோய் அகப்படுவது அரிது. புண், புற்றில்லாத கட்டி, மூலம் போன்றவைதான் வழக்கம். அரிது என்பதற்காகப் பார்க்காமல் விடமுடியாது.

பாமசி மாத்திரை இங்கே இன்னொரு கெடுதல் செய்கிறது. இரும்பு மலத்தைக் கறுப்பாக்கும். நாளை உண்மையாகவே இரத்தம் கசிந்து, தார் போல ஒட்டும், நாற்றமடிக்கும் கறுப்பு மலம் போனாலும் ‘மாத்திரையால்தான்’ என்று இருந்துவிடுவீர்கள். அப்படிப் போனால், தலை சுற்றினால், அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

இன்னொன்று: சீலியாக் இரத்தப் பரிசோதனையும் அந்தத் துண்டுச் சோதனையும் கோதுமை சாப்பிடுபவருக்குத்தான் சரியாகக் காட்டும். இரண்டு மாதப் பத்தியம் நோய் இருந்தாலும் மறைத்துவிடலாம். சோதனைக்கு முன் குறைந்தது ஆறு வாரமாவது தினமும் ஒரு வேளைக்கு மேல் பாணோ ரொட்டியோ சாப்பிட்டிருக்க வேண்டும். ஃபெரிட்டினுக்கும் வைத்தியருக்கும் அந்த ஆறு வாரம் காத்திருக்கவேண்டாம். இந்த வாரமே போங்கள். குடும்ப வைத்தியரே தொடங்கிவைத்து, தேசிய வைத்தியசாலை கிளினிக்குக்குக் கடிதம் தரலாம். மாத்திரைப் பெட்டியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். முதுகுவலிக்கு டைக்ளோஃபெனாக், நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோல் என்று வேறு ஏதாவது வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்: முதலாவது வயிற்றில் புண் உண்டாக்கும், இரண்டாவது இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும்.