முதலில் அக்ரிமெண்டில் யார் பேர் இருக்கிறது என்று பாருங்கள்

மூன்று பெண்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீட்டில் ஒருவர் மட்டும் எல்லாரையும் அதட்டி உருட்டுகிறார், சண்டை போடாமல் எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மனம் விட்டுப் பேசுங்கள் என்று யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். நானும் பேசிப் பார்த்தவள்தான். உங்கள் வீட்டிலும் அக்ரிமெண்ட் அவர் பேரில்தான் இருக்கும், ஓனரோடு பேசுவதும் அவராகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அது மாறாமல் எதுவும் மாறாது.

துரைப்பாக்கத்தில் நாங்கள் இருந்த வீட்டில் ஓர் அக்கா இருந்தார். வீடு பார்த்தது அவர், அட்வான்ஸ் கொடுத்தது அவர் கையால். எங்கள் பங்கை அவருக்குத்தான் அனுப்பியிருந்தோம். ஃப்ரிட்ஜில் எந்தத் தட்டு யாருக்கு, வீட்டுக்கு யார் வரலாம், எல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். எதிர்த்துக் கேட்டால் ஒரே பதில்: “அக்ரிமெண்ட் என் பேர்ல இருக்கு.”

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் உள் தாழ்ப்பாளைப் போட்டுவிடுவார். எனக்கோ இரண்டாவது ஷிப்ட். ஆபீஸ் கேப் என்னை இறக்கிவிடும்போது நடுராத்திரி தாண்டிவிடும். கூட வரும் செக்யூரிட்டி அண்ணன், நான் வீட்டுக்குள் போனதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சாவி என் கையில் இருக்கிறது, பூட்டும் திறக்கிறது, கதவு மட்டும் திறக்காது. போன் அடித்துக்கொண்டே நிற்பேன். கேப்பில் மீதி இருக்கும் பெண்கள் தூக்கக் கண்ணோடு எட்டிப் பார்ப்பார்கள். எதிர் ஃப்ளாட்காரர் விளக்கைப் போடுவார். வாடகை கொடுக்கிற வீட்டு வாசலில் அப்படி நின்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் கரண்ட் பில். ஏசி அவர் அறையில் மட்டும், பில் மட்டும் மூன்றாகப் பங்கு. இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, அதற்குக் கீழே இருக்கும் யூனிட்டுகளில் சிலவற்றின் விலையும் ஏறிவிடும். ஒருத்தர் ஏசிக்காக ஃபேன் மட்டும் போட்டவர்களும் சேர்ந்து அழ வேண்டும்.

நான் செய்தது இதுதான். முதலில் அட்வான்ஸில் யார் பங்கு எவ்வளவு என்று வாட்ஸாப் குரூப்பில் போட்டு, அவரை “சரி” என்று பதில் போட வைத்தேன். பதினோரு மாதம் முடிந்து அக்ரிமெண்ட் புதுப்பிக்கும் நேரம் வந்தது. ஓனருக்கு நானே போன் செய்து, மூன்று பேர் பேரையும் போடச் சொன்னேன். “அங்கிள், நாளைக்கு ஒருத்தர் காலி பண்ணிட்டாலும் உங்களுக்கு வாடகை நிக்காது” என்றதும் ஒத்துக்கொண்டார். ஏசி லைனுக்குத் தனியாகச் சப்மீட்டர் வைத்தோம். அக்கா கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் தாழ்ப்பாள் போடுவது நின்றுவிட்டது.

முதுகுக்குப் பின்னால் ஓனரிடம் போனாயே என்று கேட்பீர்கள். குரூப்பில் சொல்லிவிட்டுத்தான் போன் செய்தேன். வயதில் மூத்தவர், விட்டுக்கொடுத்திருக்கலாமே என்பவர்கள், நடுராத்திரி ஒரு தடவை அந்த வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

இத்தனைக்கும் காரணம் அட்வான்ஸ்தான் என்பேன். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்கிறது 2019-இல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். அக்ரிமெண்ட் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் சென்னையில் பத்து மாதம் கேட்கிற ஓனர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? யார் மொத்தமாகப் புரட்டுகிறாரோ அவர் வீட்டுக்காரம்மா ஆகிவிடுகிறார். தனியாகப் போகலாம் என்றால், கல்யாணமாகாத பெண்ணுக்கு வீடு இல்லை என்பார்கள், இல்லாவிட்டால் அப்பாவைக் கூட்டி வரச் சொல்வார்கள். சொந்தச் சம்பளத்தில் வாடகை கொடுக்கிறவளுக்கு அப்பா எதற்கு?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அக்ரிமெண்ட் எந்த மாதம் முடிகிறது, ஓனர் நம்பர் உங்களிடம் இருக்கிறதா, மூன்றாவது பெண் உங்கள் பக்கம் நிற்பாரா? இந்த மூன்றையும் தெரிந்துகொண்டு எழுதுங்கள். அட்வான்ஸ் பங்கை மட்டும் அதுவரை காத்திருக்காமல் இன்றைக்கே எழுத்தில் வாங்கி வையுங்கள்.