தாத்தாவின் ஜாவாவைப் பிரான்சில் பதிவு செய்ய

தம்பி, பாரிசுக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது, கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டில் நிற்கும் தாத்தாவின் 1967 ஜாவா மோட்டார் சைக்கிளை இங்கே கொண்டுவந்து நம்பர் வாங்கி ஓட்ட முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக முடியும். ஆனால் வேலையில் முக்கால்வாசி கடலூரிலேயே முடிய வேண்டியது. வண்டி கப்பல் ஏறிவிட்டால், ஒரு சின்ன எழுத்துப் பிழையைத் திருத்துவதும் பெரும்பாடு.

தாத்தா காலமாகிவிட்டார், ஆர்.சி. புத்தகம் இன்னும் அவர் பெயரில் என்கிறீர்கள். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வைத்து, படிவம் 31-இல் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அத்தை, சித்தப்பா எல்லோரிடமும் சம்மதக் கையெழுத்தை இந்த லீவிலேயே வாங்கிவிடுங்கள். சொந்த வண்டிக்கு முதல் 15 ஆண்டுக்குப் பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் அதையும் முடித்துவிடுங்கள்.

அப்புறம், அந்தப் பழைய புத்தகத்தில் மெட்ராஸ் மாநிலம், தென்னாற்காடு மாவட்டம் என்றுதான் இருக்கும். தமிழ்நாடு என்ற பெயர் வந்தது 1969-இல், கடலூர் தனி மாவட்டமானது 1993-இல். இங்கே உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரிக்கு இது தெரிய வாய்ப்பில்லை. ஆர்.சி.யைப் பிரெஞ்சில் மொழிபெயர்க்க, இங்குள்ள நீதிமன்றப் பட்டியலில் உள்ள மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது, இதை ஒரு குறிப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது சேசிஸ் நம்பர்தான். நம் கடலோர உப்புக்காற்றில் ஐம்பது அறுபது வருடம் நின்ற வண்டி. ஹேண்டிலுக்குக் கீழே, ஃபிரேமின் கழுத்தில் அந்த எண் பல பூச்சு பெயின்டுக்கு அடியில் மறைந்திருக்கும். துணியில் தின்னர் நனைத்துப் பொறுமையாகத் துடைக்கச் சொல்லுங்கள். கிரைண்டர், உப்புத்தாள் பக்கம் மெக்கானிக் போகவே கூடாது. எண் தெரிந்ததும் மெல்லிய தாளை அதன் மேல் ஒட்டிப் பென்சிலால் தேயுங்கள், நம்ம ஆர்.டி.ஓ. ஆபீசில் எடுப்பதைப் போலவே. 3 எது, 8 எது என்று கண்ணை ஏமாற்றும் இடத்தில் பென்சில் அச்சு சொல்லிவிடும். மங்கிய எண்ணை உளி வைத்து மறுபடி அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அடித்த எண்ணைக் கண்டால் திருட்டு வண்டியோ என்ற சந்தேகம்தான் முதலில் வரும்.

பெயின்ட் உரிந்திருந்தாலும் பரவாயில்லை, வண்டியின் அமைப்பை மாற்றாதீர்கள். இங்கே 30 வயது கடந்து, உற்பத்தி நின்று, அசல் அமைப்பில் இருக்கும் வண்டிக்குத்தான் சேகரிப்பு வாகனத் தகுதி. அதற்கான சான்றிதழைப் பழைய வாகனங்களுக்கான கூட்டமைப்பான எஃப்.எஃப்.வி.ஈ. தரும். டிஸ்க் பிரேக் மாட்டிய ஜாவா அங்கே சிக்கிக்கொள்ளும். சுங்கத்திலும் அப்படியே: சேகரிப்புப் பொருள் என்று ஏற்றுக்கொண்டால் சுங்கவரி இல்லை, மதிப்புக்கூட்டு வரி 5.5 சதவீதம், இல்லையென்றால் அந்த வரியே 20 சதவீதம். சுங்கத்தில் 846 ஏ என்ற சான்று தருவார்கள். அதுவும் எஃப்.எஃப்.வி.ஈ. தாளும் ஆர்.சி.யும் சேர்த்து கார்ட் கிரீசுக்கு, அதாவது இங்குள்ள ஆர்.சி.க்கு, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். சேகரிப்பு வண்டி என்பதால் கறுப்பு நம்பர் பிளேட் போட்டுக்கொள்ள அனுமதி உண்டு. ஜாவாவுக்கு அது ரொம்ப அழகாக இருக்கும்.

ஓட்ட ஏ2 உரிமம் வேண்டும். 250 சி.சி. என்பதால், 125 சி.சி. வரைக்கான ஏ1 போதாது. உதிரிபாகத்தைப் பற்றிப் பயப்படாதீர்கள், ஜாவாவின் பூர்வீகம் செக் நாடு, உங்கள் வண்டியான 353 மாடலின் சாமான்கள் ஐரோப்பாவில் நன்றாகவே கிடைக்கும்.

கொண்டுவர மனம் பாதிதான் என்றால், ஊரிலேயே வைத்திருக்கவும் நல்ல வழி இருக்கிறது. 2021-இல் வந்த விதிப்படி 50 வயது கடந்த வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். பழைய நம்பரும் அப்படியே இருக்கும். ஆனால் கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். வீட்டில் ஓட்ட ஆள் இருந்தால் நான் இங்கே கொண்டுவரச் சொல்ல மாட்டேன். யாரும் தொடாமல் துருப்பிடிக்கிறது என்றால் கட்டாயம் கொண்டுவாருங்கள்.

அனுப்பும்போது டேங்க்கைக் காலி செய்து, பேட்டரியைக் கழற்றி, ஏற்றுமதி முத்திரை உள்ள பதப்படுத்திய மரப்பெட்டியில் கட்டச் சொல்லுங்கள். அதற்கு முன் ஆர்.சி.யையும் பென்சில் அச்சையும் படம் எடுத்து அனுப்புங்கள், எண்களை ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.