கோத்தகிரியில் கிடைக்கும் பிளாக்வுட்டில் லேப் ஸ்டீல் கிட்டார் (மடியில் கிடத்தி வாசிக்கும் கிட்டார்) செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். ஹவாயில் மடி கிட்டார்களுக்கு விரும்பி எடுத்த கோவா (koa) என்ற மரமும், வெள்ளைக்காரர் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து நீலகிரியில் வேர்விட்ட பிளாக்வுட்டும் ஒரே அக்கேசியா பேரினம், பங்காளிகள் மாதிரி.

இங்கே பிரச்சினை ஈரம்தான். நான் அவசரப்பட்டுப் பச்சைப் பலகையை இழைத்தேன், சீவுளி பட்டதும் பொன்னும் பழுப்புமாக வரி வரியாக மின்னியது, ஆனால் தை மாத வறட்சியில் காய்ந்து முனையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு வெடித்துவிட்டது. அதனால் முனைகளில் மெழுகு பூசி, இடையில் குச்சி வைத்து அடுக்கி, அங்குலக் கனத்துக்கு ஒரு வருடமாவது நிழலில் காயவிடுங்கள். பழைய வீட்டு உத்தரம் கிடைத்தால் இன்னும் நல்லது.

மற்றதெல்லாம் சுலபம். கம்பியை விரலால் அழுத்தாமல் மேலே இரும்புத் துண்டை நகர்த்தித்தானே வாசிக்கிறோம், அதனால் ஃபிரெட் (கழுத்தில் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி) வேண்டாம், அந்த இடங்களில் கோடு போதும். தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் நட்டிலிருந்து மறுமுனையில் தாங்கும் பிரிட்ஜுக்கு 22.5 அங்குலம் வைத்தால் 12-ஆவது கோடு சரியாகப் பாதியில், 11.25-இல் விழும். கம்பி பலகைக்கு ஒரு சென்டிமீட்டராவது மேலே நிற்கட்டும்.

அப்புறம், பிளாக்வுட்டுக்குப் பதிலாக ஈட்டி மரத்தை (ரோஸ்வுட்) எடுக்க நினைத்தால், அதற்குத் தமிழ்நாட்டில் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் என்றே தனிப் பாதுகாப்புச் சட்டம் போட்டார்கள், பில் இல்லாத துண்டைத் தொடாதீர்கள்.