மெஷ்ஷில் சீழ் வைத்தால் உயிரி மெஷ்தான் ஒரே வழியா?

கட்டாயமில்லை. அம்மாவின் குடலிறக்கத்துக்கு வைத்துத் தைத்த வலையில், அதாவது மெஷ்ஷில், நான்கு மாதமாகச் சீழ் வடிகிறது, அதை எடுத்துவிட்டுப் பன்றித்தோலில் செய்த உயிரி மெஷ் வைக்கச் சொல்கிறார்கள் என்கிறீர்கள். விலை உயர்ந்ததென்பதால் அது உறுதியானது என்று ஆகிவிடாது.

2022இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், கிருமி கலந்த இடத்தில் சாதாரண பாலிப்ரொப்பிலீன் (ஒரு வகை பிளாஸ்டிக்) மெஷ் வைத்தவர்களில் இரண்டு ஆண்டுக்குள் 5.6 சதவீதம் பேருக்கே மறுபடி குடல் இறங்கியது. உயிரி மெஷ்ஷில் 20.5 சதவீதம். ஆனால் சீழ் கட்டியிருந்தவர்கள் அதில் சேர்க்கப்படவில்லை. அதனால் இதைக் காட்டி டாக்டரிடம் வாதாட வேண்டாம். கேள்வி கேளுங்கள், போதும்.

முதலில் பழைய மெஷ் எந்த வகை என்று பாருங்கள். ஆபரேஷன் ஃபைலில் தபால்தலை போல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பி.டி.எஃப்.ஈ. (PTFE, இன்னொரு வகை பிளாஸ்டிக்) என்றிருந்தால் பெரும்பாலும் எடுத்தே ஆகவேண்டும். அதன் துளைகள் 10 மைக்ரானுக்கும் சிறியவை. கிருமி நுழைந்துவிடும், அதை விழுங்கும் வெள்ளணு நுழையாது. பெரிய துளைகள் உள்ள பாலிப்ரொப்பிலீன் என்றால், சீழை வடித்து, எந்தக் கிருமி என்று கல்ச்சர் பரிசோதனையில் பார்த்து மருந்து கொடுத்துக் காப்பாற்றிய கேஸ்கள் உண்டு. சி.டி. ஸ்கேனில் மெஷ்ஷைச் சுற்றி நீர் தேங்கியிருக்கிறதா என்றும் கேளுங்கள்.

எடுத்த அன்றே புதிதாக வைக்கத்தான் வேண்டுமா என்பதையும் கேளுங்கள். புண் ஆறட்டும் என்று சில மாதம் தள்ளிப்போடுபவர்களும் உண்டு. சர்க்கரை நோய் இருந்தால் அதற்குள் அதைக் கட்டுக்குள் கொண்டுவரலாம்.

வடிவது மலம் போல நாறினாலோ, காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காதீர்கள். குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம். அன்றைக்கே அழைத்துப் போங்கள்.