ஒரு நடிகர் பேசியதில் உங்கள் மனதை விட்டு அகலாதது எது?

இயன் மெக்கெல்லன் வானொலியில் பேச்சோடு பேச்சாகச் சொன்ன ஒரு சொல். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களில் வெள்ளைத் தாடியோடு வரும் கேண்டால்ஃப் என்றால் உடனே முகம் தெரிந்துவிடும். 'எக்ஸ்-மென்' மேக்னீட்டோவும் அவர்தான். ஆனால் ஊறி வளர்ந்தது ஷேக்ஸ்பியர் நாடக மேடையில்.

1988 ஜனவரி. உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை 'ஊக்குவிக்க'க் கூடாது என்று பிரிட்டனின் தாட்சர் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்துகொண்டிருந்தது. பின்னாளில் 'பிரிவு 28' என்றே பெயரெடுத்தது. எது ஊக்குவிப்பு, எது இல்லை என்பது யாருக்கும் பிடிபடவில்லை. அதனாலேயே, கேலிக்கு ஆளாகும் பிள்ளைக்கு ஆறுதல் சொல்லக்கூட ஆசிரியர்கள் தயங்கினார்கள். இதைப் பற்றி பிபிசி ரேடியோ 3-இல் விவாதம். எதிரில், பத்திரிகை ஆசிரியர் பெரெக்ரின் வொர்ஸ்தோர்ன். இந்தச் சட்டம் தன்பாலீர்ப்பாளர்களை அவமதிக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்த மெக்கெல்லன், நடுவில் 'என்னைப் போல' என்று சேர்த்துவிட்டார்.

அவ்வளவுதான். அப்போது அவருக்கு 48 வயது. நாடக நண்பர்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஊருக்குச் சொன்னது அன்றுதான்.

சட்டம் அந்த மே மாதமே நிறைவேறிவிட்டது. அவர் விடவில்லை. 1989-இல் சிலரோடு சேர்ந்து, தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காக 'ஸ்டோன்வால்' அமைப்பைத் தொடங்கினார், பள்ளிகளுக்குப் போய்ப் பேசினார். ஸ்காட்லாந்தில் 2000-இல், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003-இல் அந்தச் சட்டம் நீங்கியது. 2016-இல் மும்பைக்கு வந்தபோது தன்பாலுறவை அப்போது குற்றமாக்கியிருந்த நம் சட்டப் பிரிவு 377-ஐப் பற்றியும் பேசினார். அதுவும் பிரிட்டிஷார் விட்டுப்போனதுதானே!

நடிப்பைப் பற்றி அவர் சொல்வது எனக்கு இன்னும் பிடிக்கும். அதுவரை நடிப்பு என்பது தன்னை மறைத்துக்கொள்வதாக இருந்ததாம். அதன் பிறகு உண்மையைக் காட்டுவதாக மாறிவிட்டதாம்.

சரி, எனக்கு ஏன் இது இவ்வளவு முக்கியம்? என் சித்தி மகன் ஒரு ராத்திரி மொட்டைமாடியில், "என் ஃப்ரெண்டு ஒருத்தன் இருக்கான்க்கா, அவனுக்குப் பசங்களைத்தான் பிடிக்கும்" என்று ஆரம்பித்தான். அரைமணி நேரம் அந்த நண்பனின் கதையே ஓடியது. வீட்டில் பெண் பார்க்கிறார்கள், அவன் தூங்குவதே இல்லை என்றெல்லாம். நான் குறுக்கே எதுவும் கேட்கவில்லை. கொடியில் காய்ந்த துண்டை எடுத்து மடித்தான், பிரித்தான், திரும்ப மடித்தான். அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னான்: "ஃப்ரெண்டு இல்லக்கா. நான்தான்."