வாசகர் கேள்வி பதில்: இணையத்தில் ஓடும் ஆபீஸ் போன்

கேள்வி: திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனியில் 24 எக்ஸ்டென்ஷனோடு பழைய இபிஏபிஎக்ஸ் (ஆபீஸ் போன் எக்ஸ்சேஞ்ச் பெட்டி) ஓடுதுங்க. பி.ஆர்.ஐ. லைனை (ஒரே கேபிளில் பல அழைப்பு போகும் டிஜிட்டல் லைன்) விட்டுவிட்டு சிப் ட்ரங்க் (இணைய முறையில் வரும் போன் லைன்) எடுத்தால் பெட்டியை மாத்தோணுமுங்களா? நெட் எவ்வளவு வேகம் வேணும்?

பதில்: மாற்ற வேண்டாம். பி.ஆர்.ஐ. கார்டு நன்றாக இருந்தால், அதற்கும் புதிய லைனுக்கும் நடுவே இ1 போர்ட் (பி.ஆர்.ஐ. கேபிள் மாட்டும் இடம்) உள்ள ஒரு கேட்வே (இரு வகை லைனையும் இணைக்கும் மாற்றிப் பெட்டி) போதும். பழைய போன்களும் வயரிங்கும் அப்படியே இருக்கும். பெட்டியில் சாதாரண லைன் கார்டு மட்டும் என்றால் எஃப்.எக்ஸ்.எஸ். (லைனைக் கொடுக்கும் பக்கம்) கேட்வே கேட்டு வாங்குங்கள். எஃப்.எக்ஸ்.ஓ. (லைனை வாங்கும் பக்கம்) வாங்கினால் பணம் வீண்: லைன் கார்டும் எஃப்.எக்ஸ்.ஓ. வகைதான், இரண்டும் சேராது.

எத்தனை சேனல் என்பதை எக்ஸ்டென்ஷனை எண்ணி முடிவு செய்யாதீர்கள். நெருக்கடி நேரத்தில் ஒரே சமயம் எத்தனை வெளி அழைப்பு ஓடுகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். ஜி.711 கோடெக்கில் (குரலை டிஜிட்டலாக்கும் முறை) ஒரு பேச்சுக்குக் குரல் மட்டும் விநாடிக்கு 64 கிலோபிட்; பாக்கெட் தலைப்புகள் சேர்ந்தால் போகவும் வரவும் தலா சுமார் 87. பத்துப் பேச்சுக்கு இரு பக்கமும் தலா 1 மெகாபிட் போதும். சிக்கல் மொத்த வேகத்தில் இல்லை, அப்லோட் நெரிசலில் இருக்கிறது. மெர்ச்சன்டைசர் பெரிய டிசைன் ஃபைல் அனுப்பும் நேரம் பார்த்து பையர் கூப்பிட்டால் குரல் துண்டு துண்டாகத்தான் போகும். ரூட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுங்கள். முடிந்தால் போனுக்கென்று தனி இணைப்பு எடுப்பதே நல்லது. ஃபைபர் மோடம், ரூட்டர், கேட்வே மூன்றையும் யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். ஒன்று அணைந்தாலும் லைன் போய்விடும்.

கேள்வி: ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கிறோமுங்க. புது ஐ.பி. பிபிஎக்ஸில் (இணைய முறையில் ஓடும் எக்ஸ்சேஞ்ச் பெட்டி) நாங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்பதில்லை. உள்ளே வரும் சில அழைப்புகள் அரை நிமிடத்தில் அறுந்தும் போகின்றன.

பதில்: பெரும்பாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றே. அழைப்பை இணைக்கும் சிப் செய்தி ஒரு வழியில் போகிறது; குரல் ஆர்.டி.பி. என்ற வேறு வழியில் வருகிறது. 'குரலை இந்த முகவரிக்கு அனுப்பு' என்று உங்கள் பெட்டி சொல்லும்போது 192.168 என்று தொடங்கும் உள் முகவரியைச் சொல்லிவிடுகிறது. அந்த முகவரிக்கு வெளியிலிருந்து எதுவும் வந்து சேராது. அரை நிமிடக் கணக்கும் இதில்தான் அடங்கியிருக்கிறது: நீங்கள் எடுத்ததற்கான ஒப்புதல் திரும்பி வராவிட்டால், பெட்டி 32 விநாடி பார்த்துவிட்டு அழைப்பை அறுத்துவிடும்.

முதலில் ரூட்டரில் சிப் ஏ.எல்.ஜி. என்ற வசதியை அணையுங்கள். உதவி செய்வதாக நினைத்து முகவரிகளைக் குழப்புவது பல நேரம் அதுதான். அடுத்து, பெட்டியில் வெளி முகவரி எது, உள் நெட்வொர்க் எது என்று பதிவு செய்யுங்கள். பெட்டியில் ஓடுவது ஆஸ்டரிஸ்க் மென்பொருள் என்றால் குரலுக்கான யு.டி.பி. போர்ட்டுகள் (தகவல் நுழையும் எண்ணிட்ட வாசல்கள்) வழக்கமாக 10000 முதல் 20000 வரை. அவற்றை ரூட்டரிலிருந்து பெட்டிக்குத் திருப்பிவிடுங்கள்.

போன் கம்பெனிக்காரர் ட்ரங்கைத் தனி கேபிளில் கொடுத்திருந்தால் கதை வேறு. சிக்னலுக்கு ஒரு முகவரியும் குரலுக்கு இன்னொன்றும் கொடுத்திருப்பார்கள். முதல் முகவரிக்கு மட்டும் ரூட் போட்டு இரண்டாவதை விட்டுவிட்டால், உங்கள் குரல் இன்டர்நெட் பக்கம் திரும்பிப் போய்த் தொலையும். அப்போது உங்கள் பேச்சுதான் அவர்களுக்குக் கேட்காது. எந்தப் பக்கம் ஊமை என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

கேள்வி: கரூர் ஜவுளி அலுவலகத்தில் ஞாயிறு இரவு, ஆளே இல்லாதபோது ஐ.எஸ்.டி. அழைப்புகள் போயிருக்கின்றன. எப்படி?

பதில்: சிப் செய்தி வரும் 5060 போர்ட் வெளியே திறந்து, 101 எக்ஸ்டென்ஷனுக்கு 101 என்றே கடவுச்சொல் வைத்திருந்தால் தானியங்கி நிரல்கள் சில மணி நேரத்தில் நுழைந்துவிடும். போர்ட் எண்ணை மாற்றுவது காப்பு ஆகாது. ட்ரங்க் கொடுத்தவரின் முகவரிக்கு மட்டும் திறந்துவிடுங்கள். வீட்டிலிருந்து பேசுபவர்கள் வி.பி.என். (இணையத்துக்குள் பூட்டிய தனி வழி) வழியாக வரட்டும். எல்லாக் கடவுச்சொற்களையும் இன்றே மாற்றுங்கள். வெளிநாட்டு வியாபாரம் இல்லையென்றால் ஐ.எஸ்.டி.யைப் போன் கம்பெனியிடமே எழுதிக் கொடுத்து நிறுத்துங்கள். பெட்டியில் மட்டும் தடுத்தால், பெட்டிக்குள் புகுந்தவர் அதைத் திறந்துகொள்வார்.